குமரிக் கடற்கரையைச் சாலைவழியே இரண்டு நாட்களில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முக்கடல் முனையில் சூரிய உதயத்தைப் பார்த்து, படகில் பாறைக்குச் சென்று, சங்கு வாங்கிக்கொண்டு அன்று இரவே ரயில் ஏறிவிடுகிறார்கள். முனையிலிருந்து மேற்கே கேரள எல்லையான நீரோடி வரை நீளும், ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் கடற்கரை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. கரும்பாறைகளும் செம்மண் மேடுகளும், ஆறுகள் கடலில் கலக்கும் பொழிமுகங்களும், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் மீனவர் ஊர்களும் கொண்ட அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். வெளியூரிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் வரும்போதெல்லாம் அவர்களுக்கான ஏற்பாடுகள் என் பொறுப்பில்தான் வரும். அரண்மனை வாசலில் பூட்டைப் பார்த்துத் திரும்புவது, படகு நிறுத்தப்பட்டதால் அரைநாள் வீணாவது, வாடகை வண்டிக்காரர் கடைசி நேரத்தில் புதுக் கணக்குச் சொல்வது என ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு சிக்கல் முளைத்துக்கொண்டே இருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. மாதத்தையும் கிழமையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

வண்டியையும் அறையையும் தேடுவதற்கு முன்பே நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை வலுக்கும். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சபரிமலை சென்று திரும்பும் ஐயப்ப பக்தர்களால் கன்னியாகுமரி நிரம்பி வழியும். அறை வாடகை ஏறும், படகுக்கான வரிசை மணிக்கணக்கில் நீளும். ஆகவே ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரையிலான காலமே என் கணிப்பில் மிகவும் ஏற்றது. மாசி மாதத்தில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோவில் கொடை விழா நடக்கும் நாட்களில் மட்டும் அந்த வட்டாரச் சாலைகளில் வண்டி நகர்வது கடினம் என்பதை மனத்தில் வையுங்கள்.

மீன் இறங்குவதைப் பார்ப்பது உங்கள் நோக்கங்களில் ஒன்றானால், மீன்பிடித் தடைக்காலத்தையும் கவனிக்க வேண்டும். முனைக்குக் கிழக்கே இருக்கும் சின்னமுட்டம் துறைமுகத்தின் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்கே இருக்கும் குளச்சல், தேங்காப்பட்டணம் துறைமுகங்களுக்கோ ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலங்கள் இருப்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. நாட்டுப்படகுகள் தடைக்காலத்திலும் கடலுக்குப் போகும் என்றாலும், துறைமுகத்தின் உண்மையான பரபரப்பை அப்போது பார்க்க முடியாது.

கிழமை இன்னும் முக்கியமானது. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மீனவர் ஊர்களில் பெரும்பாலோர் கடலுக்குப் போவதில்லை. காலைத் திருப்பலி நேரத்தில் தேவாலயங்களைச் சுற்றியுள்ள குறுகிய சாலைகள் அடைபட்டிருக்கும். சனி, ஞாயிறுகளில் முனையில் கூட்டம் மிகும். இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், திங்கள் முதல் வியாழன் வரை ஏதேனும் ஒரு நாளில் பயணத்தைத் தொடங்குவது நல்லது. அப்படித் தொடங்கினால் அரண்மனையும் மீன் ஏலமும் இடம்பெறும் இரண்டாம் நாள், செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையில் அமைந்துவிடும்.

2. வண்டியும் அதற்கான ஆவணங்களும்

சொந்த வண்டியில் வருவோர் ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகிய நான்கையும் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் ஏற்றி வைத்துக்கொண்டால் போதும். அவை சட்டப்படி செல்லும். கடலோரத்தில் சில இடங்களில் இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் என்பதால், புறப்படும் முன்பே அவற்றைத் திறந்து பார்த்துக்கொள்வதோடு அச்சுப் பிரதி ஒன்றையும் வண்டியில் வையுங்கள். இருசக்கர வண்டியில் பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம். திருநெல்வேலி வழியாக வருவோருக்கு நாங்குநேரியிலும், நான்குவழிச் சாலையில் நாகர்கோவிலை நெருங்குவோருக்குத் திருப்பதிசாரத்திலும் சுங்கச்சாவடிகள் உள்ளன. பாஸ்டேக்கில் பணம் இல்லாமல் ரொக்கம் நீட்டினால் இருமடங்கு கட்ட வேண்டும்.

ஓட்டுநர் இல்லாமல் காரோ இருசக்கர வண்டியோ வாடகைக்கு எடுப்பவர்கள் எண் பலகையைக் கட்டாயம் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறைப்படி வாடகைக்கு விடப்படும் வண்டி. வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகிவிடும். வண்டியைக் கையில் வாங்கும்போது நான்கு பக்கமும், சக்கரங்களையும், எரிபொருள் முள்ளையும் காணொளியாக எடுத்து வண்டிக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். முன்பணத்தைத் திரும்பப் பெறும்போது எழும் வாக்குவாதங்களில் பெரும்பகுதி இந்த ஒரு செயலால் தவிர்க்கப்படும்.

ஓட்டுநருடன் டாக்சி எடுப்பவர்கள் பேச வேண்டியவை வேறு. நாள் வாடகையா, கிலோமீட்டர் கணக்கா? ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டருக்குப் பணம் வாங்குவார்கள்? தூரத்தை உங்கள் விடுதியிலிருந்து கணக்கிடுவார்களா, அவர்களுடைய ஷெட்டிலிருந்தா? டிரைவர் பேட்டா எவ்வளவு, இரவு பேட்டா தனியா? இந்தச் சுற்றின் மொத்தத் தூரமே இருநூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் என்பதால், நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் எனக் குறைந்தபட்சக் கணக்குப் போடும் வண்டி உங்களுக்கு நட்டம். உள்ளூர் நாள் வாடகை பேசுங்கள். நீரோடியைத் தாண்டிப் பொழியூர், பூவாறு, திருவனந்தபுரம் என்று போக எண்ணினால், வண்டிக்கு அகில இந்தியச் சுற்றுலா உரிமம் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அது இல்லாத வாடகை வண்டி கேரளத்துக்குள் நுழையத் தற்காலிக உரிமமும் வரியும் கட்ட வேண்டும். அந்தச் செலவு எல்லையில் நிற்கும்போதுதான் உங்கள் காதுக்கு வரும். சொந்தக் காருக்கு இந்தத் தொல்லை இல்லை.

வண்டியே இல்லாமலும் இந்தக் கரையைப் பார்க்கலாம். நாகர்கோவிலின் வடசேரி, அண்ணா பேருந்து நிலையங்களிலிருந்து பெரும்பாலான கடலோர ஊர்களுக்கு அரசு நகரப் பேருந்துகள் உண்டு. அவற்றில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் இரண்டு நாள் என்பது அப்போது மூன்றாகிவிடும்.

3. எங்கே தங்குவது

முதல் இரவைக் கன்னியாகுமரியிலும் இரண்டாம் இரவை நாகர்கோவிலிலும் கழிப்பதே வசதியானது. முதல் நாள் விடியலில் முனையில் நிற்க வேண்டும் என்பதால் அதற்கு முந்தைய மாலையே வந்துவிடுங்கள். அறை பதியும்போது, வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா அல்லது நண்பகலில் காலி செய்ய வேண்டுமா என்று கேட்பது அவசியம். மாலை ஆறு மணிக்கு வந்து மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வெளியேறினால் முழு வாடகைக்கு முக்கால் நாள்தான் கிடைக்கும். உடன் வரும் பெரியவர்கள் அனைவரின் அடையாள அட்டையையும் அசலாகக் கொண்டு வாருங்கள்.

4. முதல் நாள்: முனையிலிருந்து முட்டம் வரை

இந்தச் சாலையைக் கிழக்கிலிருந்து மேற்காக ஓட்டுங்கள். நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் செல்வதால், மேற்கு நோக்கிப் போகும்போது கடல் உங்கள் பக்கமே இருக்கும். நினைத்த இடத்தில் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கிடாமல் ஓரங்கட்டலாம். மாலை வெயில் கண்ணில் அடிக்கும் என்பது மட்டுமே இதில் உள்ள குறை. நான்கு மணிக்குள் முட்டம் சேர்ந்துவிட்டால் அதுவும் இல்லை.

உதயம் பார்த்ததும் நேராகப் படகுத் துறைக்குச் செல்லுங்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் காலை 8 மணிக்குத் தொடங்குகின்றன. ஏழு மணிக்கே வரிசையில் நிற்பவர் பத்தரை மணிக்குள் திரும்பிவிடலாம். பத்து மணிக்கு வருபவருக்கு நண்பகல் வெயிலில் வரிசைதான் மிஞ்சும். சாதாரணச் சீட்டு, வரிசையைத் தவிர்க்கும் சிறப்புச் சீட்டு என இருவகை உண்டு. சிறப்புச் சீட்டின் விலை பல மடங்கு என்பதால், வார நாளின் காலையில் அது தேவைப்படாது. விவேகானந்தர் பாறையில் இறங்கியதும் நினைவு மண்டபத்துக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும் என்பதால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலைக்கு, 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தின் வழியே நடந்தே போகலாம். காற்று பலமாக வீசினாலும், கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தினால் காத்திருக்காமல் கிழக்கே ஏழு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வட்டக்கோட்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள். கோட்டை மதிலின் மேல் நின்றால் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரியும். முனையில் உள்ள பகவதி அம்மன் கோவிலுக்குள் செல்லும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

பதினொரு மணிக்குள் மேற்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிடுங்கள். முதல் நிறுத்தம் மணக்குடி. பழையாறு கடலில் சேரும் இந்தப் பொழிமுகத்தில் ஆற்றின் இருபுறமும் கீழமணக்குடி, மேலமணக்குடி என இரு ஊர்கள்; இடையில் பாலம். இங்கிருந்த பழைய பாலத்தை 2004 ஆழிப்பேரலை பெயர்த்துவிட்டது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்த வேண்டாம். கடந்து சென்று அப்பால் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். அலையாத்திச் செடிகளும் நீர்ப்பறவைகளும் ஒருபுறம், ஆற்றுநீரின் பழுப்பும் கடலின் நீலமும் முட்டிக்கொள்ளும் கோடு மறுபுறம். அதை அடுத்துச் சொத்தவிளை, சங்குதுறை ஆகிய நீண்ட மணற்கரைகள் வரும். குழந்தைகளோடு வருபவர்களுக்குச் சொத்தவிளை போதும். இரண்டிலும் இறங்கி நேரத்தைக் கரைக்க வேண்டியதில்லை.

நான்கு மணிக்கு முட்டம். எனக்கு இந்த மாவட்டத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். செம்மண் மேட்டிலிருந்து இறங்கும் பாதையின் முடிவில் யானை முதுகு போன்ற கரும்பாறைகள் கடலுக்குள் நீண்டு கிடக்கின்றன. அலை பாறையிடுக்கில் நுழையும்போது முதலில் உள்ளே ஒரு முழக்கம் கேட்கும். அதன் பிறகே நுரை மேலெழும். பாறையின் எந்தப் பகுதி காய்ந்திருக்கிறது, எந்தப் பகுதியில் பாசி பளபளக்கிறது என்று பார்த்துவிட்டு, காய்ந்த பகுதியில் மட்டும் உட்காருங்கள். கலங்கரை விளக்கத்தில் பார்வையாளர்களை அனுமதிக்கும் நேரம் குறுகியது. போனதும் முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

சூரிய மறைவை முட்டத்தில் பார்க்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை சூரியன் வடமேற்கே சாய்வதால், கன்னியாகுமரி முனையில் நின்றால் அது கடலுக்குள் மறையாமல் நிலத்தின் பின்னால் மறையும். முட்டத்துக்கு மேற்கே கரை வடமேற்காகத் திரும்பிவிடுவதால், இங்கே ஆண்டு முழுவதும் கடலுக்குள் மறைவதைக் காணலாம். மேகம் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருட்டியதும் பதினாறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள நாகர்கோவிலுக்குச் சென்று தங்குங்கள்.

5. கடலில் கால் வைப்பதற்கு முன்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிச் செல்ல வேண்டாம். குமரியின் மேற்குக் கரை கண்ணுக்குத் தோன்றுவதை விட ஆபத்தானது. கரையிலிருந்து சில அடிகளிலேயே ஆழம் சட்டென்று கூடும் இடங்கள் பல. திரும்பும் அலை காலடி மணலோடு ஆளையும் இழுக்கும். 2024 மே மாதத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அந்நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது.

கள்ளக்கடல் என்பது, தொலைதூரத் தென்கடலில் எழும் புயல்காற்றால் உருவாகும் நீண்ட அலைகள் பல நாட்கள் பயணம் செய்து இங்கே கரையேறுவது. உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஆனால் கடல் திடீரென்று ஊருக்குள் வந்துவிடும். ஆகவே வானிலையைப் பார்த்துக் கடலை மதிப்பிடக் கூடாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அவை உள்ளூர்ச் செய்திகளிலும் உடனே வரும். ஒவ்வொரு நாள் காலையிலும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். எச்சரிக்கை இருக்கும் நாளில் மணலில்கூட அலை தொடும் தூரத்தில் நிற்க வேண்டாம். மற்ற நாட்களில், இறங்குவதற்கு முன் அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் "வேண்டாம்" என்றால் வேண்டாம். கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, மருத்துவ உதவிக்கு 108.

கரையரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளின் மேல் ஏறிப் படம் எடுப்பதையும் தவிருங்கள். கற்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை அல்ல. இடுக்கில் கால் மாட்டினால் அடுத்த அலைக்குள் எடுக்க முடியாது.

6. இரண்டாம் நாள்: குளச்சலிலிருந்து நீரோடி வரை

ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டு, வெள்ளிச்சந்தை, அம்மாண்டிவிளை, மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு வழியாகக் குளச்சல் துறைமுகத்துக்கு ஆறரை மணிக்குள் சென்றுவிடுங்கள். ஏலம் சூடாக இருக்கும் நேரம் அதுதான். ஏலக்காரர் விலையை மேலே மேலே சொல்லிக்கொண்டு போகும் வேகம் முதலில் புரியாது. தலையசைப்பிலும் விரல் அசைவிலும் வியாபாரம் முடிந்துவிடும். ஓரமாக நில்லுங்கள், வழியை மறிக்க வேண்டாம், முகங்களைப் படமெடுப்பதற்கு முன் கேளுங்கள். தரை ஈரமாகவும் வழுக்கலாகவும் இருக்கும் என்பதால் பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

காலை உணவை முடித்துக்கொண்டு, வழியில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். விரல் நீளமே இருக்கும், நுனி கூராக வளைந்திருக்கும், தோல் தாள்போல் மெலிதாக இருக்கும் இந்த வாழைப்பழம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. எங்கள் ஊர்களில் கைக்குழந்தைகளுக்கு முதலில் ஊட்டுவது இதைத்தான். எளிதில் நசுங்கிவிடும் என்பதால் பைக்குள் அடியில் வைக்க வேண்டாம்.

ஒன்பது மணிக்குப் பத்மநாபபுரம். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் அரண்மனையை நிர்வகிப்பது கேரளத் தொல்லியல் துறை. சீட்டு கொடுப்பது 9 முதல் 1 வரை, பிறகு 2 முதல் 4.30 வரை. திங்கள் மட்டுமின்றித் தேசிய விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். செருப்பை வெளியே விட வேண்டும். கேமராவுக்குத் தனிக் கட்டணம். முழுவதும் நடந்து பார்க்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். குறுகிய மரப்படிகள் பல என்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அங்கிருந்து கருங்கல் வழியாகத் தேங்காப்பட்டணத்துக்கு இறங்குங்கள். குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடமும் மீன்பிடித் துறைமுகமும் இங்கேதான். மதிய உணவுக்கு மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் கேளுங்கள்; இரண்டு மணிக்கு மேல் கிடைப்பது அரிது. ஆற்றுக்கு அப்பால் இரயுமன்துறை, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று ஊருக்கு ஊர் எல்லையே தெரியாமல் தொடரும். ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறா பிடிக்கும் திறமைக்குப் பெயர்பெற்ற மக்கள் இவர்கள். 2017 ஒக்கி புயலில் மிகுந்த உயிரிழப்பைச் சந்தித்ததும் இந்த ஊர்களே. அதைப் பற்றி வேடிக்கையாகக் கேள்வி கேட்க வேண்டாம்.

இந்தக் கடைசிப் பகுதியில் கைப்பேசி வரைபடத்தை முழுதாக நம்பாதீர்கள். கடல் அரித்த சாலையை அது அறியாது. இரண்டு வீடுகளுக்கு நடுவே வலை காயப்போட்டிருக்கும் சந்துக்குள் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஊர்க் குருசடியருகே (சிலுவை வைத்த சிற்றாலயம்) நிற்கும் ஆட்டோக்காரரிடம் "கார் போகுமா?" என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். பங்குத் திருவிழா நடக்கும் ஊரில் தேர்ப்பவனி நேரத்தில் சாலையே மூடியிருக்கும். அப்போது உள்பக்கச் சாலையில் சுற்றிக்கொண்டு அடுத்த ஊரில் கடற்கரையைப் பிடிக்கலாம்.

7. செலவுக் கணக்கு

எரிபொருள்: சுற்று முழுவதும் இருநூறு கிலோமீட்டர் என்று வைத்தால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்கு 13 முதல் 14 லிட்டர் பெட்ரோல், 1,400 ரூபாய்க்குச் சற்று முன்பின் ஆகும். கடற்கரைச் சாலையில் சுங்கம் இல்லை. நுழைவுச் சீட்டு, படகு, கேமரா, வண்டி நிறுத்தம் ஆகியவற்றுக்குத் தலைக்கு 500 ரூபாய் ஒதுக்கினால் சாதாரணச் சீட்டில் தாராளமாகப் போதும். உணவு பெரிய செலவாகாது. கடற்கரையில் எடை போட்டுப் பொரித்துத் தரும் மீன் மட்டும் விதிவிலக்கு. அங்கே விலை கிலோவுக்கா, துண்டுக்கா என்று கேட்டுவிட்டுப் பொரிக்கச் சொல்லுங்கள். சிறிய கடைகளில் யுபிஐ உண்டு என்றாலும் இரண்டாயிரம் ரூபாயாவது சில்லறை நோட்டுகளாக வைத்திருங்கள்.

8. திரும்பும் வழி

நீரோடியிலிருந்து ஐந்து மணிக்குள் கிளம்புங்கள். களியக்காவிளைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையிலான பழைய நெடுஞ்சாலை குறுகியது. மாலையில் கனரக லாரிகளும் மார்த்தாண்டம் நெரிசலும் சேர்ந்து, ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நாகர்கோவிலில் இரவு ரயில் பிடிப்பவர்கள் ஒன்பது மணிக்கு முந்தைய ரயிலுக்குப் பதிவு செய்ய வேண்டாம். விமானத்தில் போகிறவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் அருகில் என்பதால், பெட்டிகளைக் காலையிலேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு, நீரோடியிலிருந்து பொழியூர், பூவாறு வழியாக நேரே விமான நிலையத்துக்குச் சென்றுவிடலாம். திருநெல்வேலிப் பக்கம் இருசக்கர வண்டியில் திரும்புவோர் மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியில் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். கணவாய் வழியே வரும் பக்கவாட்டுக் காற்று வண்டியைப் பாதையை விட்டுத் தள்ளும், லாரியைக் கடக்கும் நொடியில் அது இன்னும் கூடும்.